டாக்டர் டூலிட்டில் செய்த புரட்சி

1960களில் ஹாலிவுட்டைப் புரட்டிப்போட்டவர்கள் யார் என்று சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் தேடினால், தலைமுடி வளர்த்த ஏழெட்டு வாலிபர்களின் பெயர்கள் கிடைக்கும். வியட்நாம் போர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், ராக் இசை, கஞ்சா, பிரான்சில் எழுந்த புதிய அலை என்று காரணங்களும் வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் மாலை யார் கழுத்தில் விழவேண்டுமோ அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1967-ல் வந்த 'டாக்டர் டூலிட்டில்' என்ற படம் அவ்வளவு பிரமாதமாகத் தோற்றிருக்காவிட்டால், மேற்படி வாலிபர்கள் எல்லோரும் இன்னும் பத்து வருஷம் யாராவது முதலாளியின் வரவேற்பறையில் காத்துக்கிடந்திருப்பார்கள்.

படத்தை எடுத்தது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். அவர்களுக்குக் கையைச் சுட்டுக்கொள்வது புதிதல்ல. 1963-ல் வந்த 'கிளியோபாட்ரா'வில் எலிசபெத் டெய்லருக்குப் பேசிய சம்பளம் 10 லட்சம் டாலர். லண்டனில் எகிப்தைக் கட்டினார்கள். லண்டன் குளிரில் எகிப்தும் நடுங்கியது, கதாநாயகியும் படுத்த படுக்கையானார். எகிப்தைக் கைவிட்டு ரோமில் இன்னொரு எகிப்தைக் கட்டினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் வசூலில் முதலிடம் அந்தப் படத்துக்குத்தான். அப்படியும் போட்ட பணம் உடனே திரும்பவில்லை. படம் முடிவதற்கு முன்பே வந்த பணமுடையில் கம்பெனி தன் ஸ்டூடியோவின் பின்பக்க நிலத்தையே விற்றிருந்தது. இன்று அங்கே செஞ்சுரி சிட்டி என்று உயர உயரமாகக் கட்டடங்கள் நிற்கின்றன.

மூழ்கிய கப்பலைத் தூக்கியது 1965-ல் வந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'. ஏழு குழந்தைகள், ஒரு மலை, நிறையப் பாட்டு. உலகமே குடும்பத்தோடு போய்ப் பார்த்தது. இதிலிருந்து ஃபாக்ஸ் முதலாளிகள் ஒரு பாடம் கற்றார்கள்: மக்களுக்கு வேண்டியது பாட்டு, குழந்தைகள், சுத்தமான காற்று. அதையே இன்னும் பெரிதாகச் செய்தால் இன்னும் பெரிய லாபம். ஒரு படம் ஓடினால் அதே அச்சில் நாலு படம் போடும் இந்தப் பழக்கம் கோடம்பாக்கத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்து நாம்தான் வீணாகக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் டூலிட்டில் விலங்குகளோடு பேசும் வைத்தியர். ஆக, படத்துக்கு விலங்குகள் வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். அமெரிக்காவில் பழக்கிய விலங்குகளை இங்கிலாந்துக்குள் விட அந்நாட்டு நோய்த்தடுப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வேடத்துக்கும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரட்டைச் செலவு. ஆடு ஒன்று இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளெய்ஷரின் வசனப் பிரதியைத் தின்றுவிட்டதாக ஒரு கதை உண்டு. அந்தப் படத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் விமர்சனம்.

படப்பிடிப்புக்குப் பிடித்த இடம் இங்கிலாந்தில் காசில் கூம் என்ற கிராமம். நாட்டிலேயே அழகான கிராமம் என்று பேர் வாங்கிய ஊர். அந்த அழகு ஃபாக்ஸுக்குப் போதவில்லை. ஓடையை மறித்து அணை கட்டினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம். அங்கே வருகிறார் ரானல்ஃப் ஃபைன்ஸ், ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்த இளம் அதிகாரி. ராணுவ வெடிமருந்தைக் கொண்டே அந்த அணையைத் தகர்க்கத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அபராதம் கட்டினார், சிறப்புப் படையிலிருந்தும் வெளியேற்றினார்கள். பிற்பாடு துருவப் பயணங்கள் செய்து உலகப்புகழ் பெற்றார், அது வேறு கதை. ஹாலிவுட் பிரம்மாண்டத்துக்கு எதிராக முதல் வெடி வைக்கப் பார்த்தவர் ஹிப்பி அல்ல, முடியை ஒட்ட வெட்டிய பிரிட்டிஷ் சிப்பாய். எந்தப் புரட்சிப் புத்தகத்திலும் அவருக்கு ஒரு வரி கிடையாது.

செலவு 1.7 கோடி டாலரைத் தொட்டது. படம் படுத்தது. ஆனால் ஃபாக்ஸ் சும்மா இருக்கவில்லை. ஆஸ்கர் வாக்காளர்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக்காட்டி, கூடவே விருந்தும் வைத்தது. பிரியாணிப் பொட்டலத்தின் மகிமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறந்த படத்துக்கானது உட்பட ஒன்பது பரிந்துரைகள் கிடைத்தன.

இந்தக் கூத்து நடந்த அதே சமயத்தில், வார்னர் பிரதர்ஸ் ஆபீசில் வேறொரு நாடகம். எஸ்குயர் பத்திரிகையில் வேலைபார்த்த ராபர்ட் பென்டன், டேவிட் நியூமன் என்ற இருவர் பானி, கிளைட் என்ற 1930களின் கொள்ளை ஜோடியைப் பற்றித் திரைக்கதை எழுதியிருந்தார்கள். அதுவரை இருவருமே சினிமாவுக்கு எழுதியவர்கள் அல்லர்; பிரெஞ்சுப் படங்களை விடாமல் பார்த்ததுதான் தகுதி. நேரே புதிய அலை இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் நீட்டினார்கள். அவர் ஆசைப்பட்டு, யோசித்து, கடைசியில் வேறு படத்துக்குப் போய்விட்டார். அதே அலையைச் சேர்ந்த இயக்குநர் கோதாரிடமும் பேச்சு நடந்தது. அவர் உடனே, இந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துவிடலாம் என்றாராம். கதை நடப்பதோ டெக்சாஸ் வெயிலில். சீதோஷ்ணம் சரிப்படாது என்று தயாரிப்புப் பக்கத்தில் யாரோ தயங்க, சினிமா பேச வந்த இடத்தில் வானிலை அறிக்கை வாசிக்கிறார்களே என்று கோதார் எழுந்து போய்விட்டதாகச் சொல்வார்கள்.

கதை கைமாறி நடிகர் வாரன் பீட்டியிடம் வந்தது. அழகான முகம், அந்த முகத்தால் மட்டும் பிழைப்பு நடத்த முடியாது என்று தெரிந்த மூளை. தானே தயாரிப்பாளர் என்றார். ஆர்தர் பென்னை இயக்கச் சொன்னார். ஸ்டூடியோவுக்கு இந்தப் படத்தில் துளியும் நம்பிக்கையில்லை. பீட்டிக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொடுத்து, மிச்சத்துக்கு வசூலில் 40 சதவீதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஓடாத படத்தில் 40 சதவீதம் கொடுத்தால் என்ன, 90 சதவீதம் கொடுத்தால் என்ன என்ற தாராளம். ஹாலிவுட்டில் கஞ்சத்தனத்தால் அழிந்தவர்களைவிட இந்த மாதிரி தாராளத்தால் அழிந்தவர்கள் அதிகம்.

ஸ்டூடியோவின் தலைவர் ஜாக் வார்னர் அப்போது எழுபதைக் கடந்தவர். படத்தை எடைபோட அவரிடம் ஒரே ஒரு தராசு இருந்ததாக ஹாலிவுட்டில் சொல்வார்கள்: படம் ஓடும்போது தனக்கு ஒண்ணுக்குப் போக எழவேண்டி வந்தால் படம் தேறாது. 'பானி அண்ட் கிளைட்' போட்டுக்காட்டிய அன்று அவர் முதல் ரீலிலேயே எழுந்தார். அப்புறம் மீண்டும் மீண்டும் எழுந்தார் என்பது பீட்டி தரப்புக் கதை. வயதானவரின் உடல்நலக் குறைவு ஒன்று அமெரிக்க சினிமாவின் தலைவிதியைத் தீர்மானிக்கப் பார்த்தது.

1967 ஆகஸ்டில் படத்தை ஏனோதானோவென்று வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் பாஸ்லி கிரௌதர் கிழித்துப்போட்டார். ஒருமுறை கிழித்தது மனசாறவில்லை. மறுபடியும் கிழித்தார், மறுபடியும். அவர் 1940-லிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கொலைகாரர்களை அழகானவர்களாகவும் சிரிப்பு மூட்டுபவர்களாகவும் காட்டலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. தப்பு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் இருந்தது. நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டர்ன் முதல் வாரம் திட்டி எழுதினார், அடுத்த வாரமே திட்டியது தப்பு என்று எழுதினார். பிறகு பாலின் கேல் என்ற அம்மையார், வேறொரு பத்திரிகை வேண்டாமென்று திருப்பிய நீண்ட கட்டுரையை நியூயார்க்கரில் அச்சேற்றினார். படம் பிழைத்தது. கேலுக்கு நியூயார்க்கரில் நிரந்தர இடம் கிடைத்தது. கிரௌதருக்கு ஓய்வு கிடைத்தது. டிசம்பரில் டைம் பத்திரிகை அட்டைப்படமே போட்டது. பீட்டியின் 40 சதவீதம் அவரை ஆயுசுக்கும் பணக்காரராக்கியது.

அப்படி என்னதான் இருந்தது அந்தப் படத்தில்? சுடுகிறவரையும் குண்டு வாங்குகிறவரையும் ஒரே ஃபிரேமில் காட்டாமல் நடுவில் வெட்டிவிடுவது அதுவரை ஹாலிவுட்டின் சபை நாகரிகம். பென் இரண்டையும் ஒன்றாகக் காட்டினார். கடைசிக் காட்சியில் பல கேமராக்களை வேறுவேறு வேகத்தில் ஓடவிட்டு, அதை டீடி ஆலன் என்ற எடிட்டர் துண்டுதுண்டாக நறுக்கிக் கோத்தார். குண்டு விழும் ஒவ்வொரு நொடியும் சில இடங்களில் நீண்டது, சில இடங்களில் துடித்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் டெலிவிஷனில் வியட்நாமைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, ஒரு சினிமா முதல்முறையாகத் தங்கள் காலத்தில் நடப்பதுபோல் இருந்தது. 1930களின் கதை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பானியாக நடித்த ஃபே டனவே வைத்துக்கொண்ட தொப்பிக்குக் கடைகளில் கிராக்கி ஏற்பட்டது. கொள்ளைக்காரியின் உடையை வங்கிக் குமாஸ்தாப் பெண்கள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்த ஆண்டுக் கடைசியில் 'தி கிராஜுவேட்'. நாயகன் வேடத்துக்கு ராபர்ட் ரெட்ஃபோர்டு ஆசைப்பட்டார். இயக்குநர் மைக் நிக்கல்ஸுக்கு வேண்டியது பெண்களிடம் தோற்றுப்போகிற முகம். என்றைக்காவது ஒரு பெண்ணிடம் தோற்றதுண்டா என்று ரெட்ஃபோர்டிடம் கேட்டாராம். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வேடம் டஸ்டின் ஹாஃப்மனுக்குப் போனது. 21 வயதுப் பையனாக நடித்த அவருக்கு அப்போது கிட்டத்தட்ட முப்பது. அவரை மயக்கும் நடுவயது மாமியாக வந்த ஆன் பான்கிராஃப்ட் அவரைவிட ஆறு வயதுதான் மூத்தவர். காதலியைத் தேடி நாயகன் பெர்க்லிக்குக் கார் ஓட்டும் புகழ்பெற்ற காட்சியில், பாலத்தின் மேல்தளத்தில் போகிறார். மேல்தளம் எதிர்த்திசையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்களுக்கானது. ஒரு தலைமுறையே தன் வழிகாட்டியாகக் கொண்டாடிய பையன் போகும் திசை தப்பு என்பதை யாரும் கவனிக்கவில்லை. படம் கோடிகளை அள்ளியது. நாவலை எழுதிய சார்லஸ் வெப்புக்குக் கிடைத்தது சுமார் 20,000 டாலர். ஹாஃப்மன் நடித்து முடித்ததும் அரசாங்கத்தின் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு வரிசையில் நின்றார்.

1968 ஏப்ரல் ஆஸ்கர் விழா, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளி நடந்தது. சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட ஐந்தில் பானியும் கிளைடும் ஒரு பக்கம், விலங்கு வைத்தியர் மறுபக்கம். பரிசு இரண்டுக்கும் இல்லாமல் 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'டுக்குப் போனது. ஆனால் டூலிட்டிலும் வெறுங்கையோடு போகவில்லை. பாட்டுக்கும் தந்திரக் காட்சிக்கும் இரண்டு பொம்மை வாங்கிக்கொண்டுதான் போனார்.

அதற்கு முந்தின வாரம் நியூயார்க்கில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' திரையிட்டார்கள். கதையில் குப்ரிக்குக்குக் கூட்டாளி ஆர்தர் சி. கிளார்க், 1956-லிருந்து இலங்கையில் குடியிருந்தவர். எம்.ஜி.எம். கம்பெனி 1 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்தது. முதல் வசனம் வரவே இருபது நிமிஷத்துக்கு மேலாகும், அதுவரை குரங்குகள். சிறப்புக் காட்சியிலிருந்து பலர் எழுந்து போனார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் நடிகர் ராக் ஹட்சன், இது என்னதான் படம் என்று யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டபடியே வெளியேறினார். இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த், தான் போட்ட இசை ஒரு துளிகூடப் படத்தில் இல்லை என்பதைக் கொட்டகையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார். குப்ரிக் 19 நிமிஷத்தை வெட்டினார். கம்பெனி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளத் தயாரானபோது, கொட்டகை முன்வரிசைகளில் விநோதமான புகை எழ ஆரம்பித்தது. இளைஞர்கள் தரையில் படுத்துக்கொண்டு, கடைசியில் வரும் வண்ணச் சுழலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கம்பெனியும் புரிந்துகொண்டு போஸ்டரில் அந்தப் 'பயண'த்தையே விளம்பர வாசகமாக்கியது. போதைக்குப் பெரியவர்கள் செய்த முதல் விளம்பரம் சிறுவர்களும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்தது. கொஞ்ச நாளில் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்துக்குக் குரங்கு ஒப்பனைக்காக ஆஸ்கர் கொடுத்தார்கள். எங்கள் குரங்குகளை நடுவர்கள் நிஜக் குரங்குகள் என்று நினைத்திருப்பார்கள் என்றார் கிளார்க்.

இனி டூலிட்டிலின் நேரடி வாரிசைப் பார்க்கலாம். 1967-ல் டொரன்டோவில் தியேட்டர்காரர்கள் மாநாடு. திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் ஜாக் வாலென்டி அங்கே பேசினார். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனிடம் உதவியாளராக இருந்து வந்தவர். நடிகர் பீட்டர் ஃபோண்டா பின்னால் சொன்னபடி, மோட்டார்சைக்கிள், செக்ஸ், போதை என்று படமெடுப்பதை நிறுத்திவிட்டு 'டாக்டர் டூலிட்டில்' மாதிரி படங்களாக எடுங்கள் என்பது வாலென்டியின் உபதேசம். ஃபோண்டா கேட்டுக்கொண்டார். ஹோட்டல் அறைக்குப் போனார், ஒரு சுருட்டு பற்றவைத்தார், சுருட்டில் இருந்தது புகையிலை அல்ல. மோட்டார்சைக்கிள், செக்ஸ், போதை மூன்றும் உள்ள ஒரு படம் மனதில் வந்தது. நடுராத்திரி நண்பர் டென்னிஸ் ஹாப்பருக்குப் போன் போட்டார். 'ஈஸி ரைடர்' பிறந்தது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பது இதற்குத்தான்.

பணம் எங்கிருந்து? பர்ட் ஷ்னைடர், பாப் ராஃபல்சன் என்ற இரண்டு தயாரிப்பாளர்களிடம் இருந்து. அவர்களுக்குப் பணம் 'மங்கீஸ்' என்ற டெலிவிஷன் தொடரிலிருந்து. பீட்டில்ஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு, விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து உருவாக்கிய பாட்டுக்குழு அது. ஆக, அசல் சுதந்திர சினிமா போலிப் பாட்டுக்காரர்கள் சம்பாதித்த காசில் எடுத்தது. படத்தை வெளியிட்ட கொலம்பியா கம்பெனியின் தலைமையில் இருந்தவர் ஏப் ஷ்னைடர், பர்ட்டின் அப்பா. பீட்டரோ நடிகர் ஹென்றி ஃபோண்டாவின் மகன். அப்பாக்களை எதிர்த்துக் கிளம்பிய இந்தப் படத்துக்கு விதை நெல், உரம், சந்தை எல்லாமே அப்பாக்கள் வகையில் வந்தது. வாரிசு அரசியல் என்று இங்கே மேடைபோட்டுத் திட்டுகிறோம். அங்கே அதற்குப் பேர் எதிர்க்கலாச்சாரம்.

முதல் படப்பிடிப்பு 1968 பிப்ரவரியில், நியூ ஆர்லியன்ஸ் திருவிழாக் கூட்டத்தில். ஹாப்பர் இயக்குநர். முதல் நாளே இது என் படம் என்று எல்லோரையும் பார்த்துக் கத்தினார். கேமராக்காரரோடு சண்டை. அதன்பிறகு ஒழுங்காக ஆள் வைத்தார்கள்: லாஸ்லோ கோவாக்ஸ், 1956-ல் ஹங்கேரிப் புரட்சியைப் படம்பிடித்து அந்தச் சுருள்களோடு நாட்டைவிட்டுத் தப்பி வந்தவர். நிஜப் புரட்சியைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் குழுவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கத்தாமல் வேலைபார்த்தவரும் அவர்தான். படத்தில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த அந்த நீண்ட மூக்கு மோட்டார்சைக்கிள்களை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். டைட்டிலில் அவர்கள் பேர் கிடையாது. சமத்துவத்தை ஏந்திச்சென்ற படம் அவசரத்தில் அதை மறந்துவிட்டது. படப்பிடிப்பு முடிவதற்குள் வண்டிகளைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். முடிந்ததென்று விருந்து கொண்டாடிய பிறகுதான் ஒரு முக்கியமான காட்சியை எடுக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஹாப்பர் வெட்டி ஒட்டிய படம் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவரை ஓய்வெடுக்க வெளியூர் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார்கள். இசைக்குத் தனியாக ஆள் போடாமல், ஏற்கெனவே வானொலியில் ஓடிய ராக் பாட்டுகளையே ஒட்டினார்கள். செலவு சுமார் 4 லட்சம் டாலர். வசூல் பல கோடி. கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான பரிசு வேறு. ஸ்டூடியோ ஆபீஸ்களில் ஐம்பது வயது அதிகாரிகள் கழுத்தில் மணிமாலை போட ஆரம்பித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டூலிட்டிலுக்குப் போட்ட 1.7 கோடியில் இதுமாதிரி நாற்பது படம் எடுத்திருக்கலாமே என்று எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் உறைத்திருக்கும். புரட்சி என்று நாம் சொல்வதை அவர்கள் வகுத்தல் கணக்கு என்றார்கள்.

1970 ஏப்ரலில் ஆஸ்கர் கமிட்டிக்கு மண்டை குழம்பியது. வயது வந்தோர் மட்டும் என்ற கடைசித்தர 'எக்ஸ்' முத்திரை பெற்ற 'மிட்நைட் கௌபாய்' சிறந்த படம். அதில் நடித்த ஜான் வாய்ட், டஸ்டின் ஹாஃப்மன் இருவருமே சிறந்த நடிகர் போட்டியில் இருந்தார்கள். பரிசு போனது ஜான் வேனுக்கு, அசல் பழங்காலக் குதிரைவீரருக்கு. அடுத்த மாதம் எம்.ஜி.எம். தன் சாமான்களை ஏலம் போட்டது. 'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் டோரதி அணிந்த சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போனது.

ஹாப்பருக்கு யுனிவர்சல் பணம் கொடுத்து, இஷ்டப்படி எடு என்றது. பெரு நாட்டு மலைக்கிராமத்துக்குப் போய் 'தி லாஸ்ட் மூவி' எடுத்தார். எடுத்ததைவிட வெட்டி ஒட்ட அதிக காலம் பிடித்தது. வெனிஸில் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் பெட்டி போன வேகத்தில் திரும்பியது. பெயரிலேயே கடைசிப் படம் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார் என்பதால் யாரும் குறைசொல்ல முடியாது. அவர் இயக்கிய அடுத்த படம் 1980-ல் வந்தது.

இந்த மொத்தக் கலவரத்திலும் பத்திரமாகப் பணம் பண்ணியவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு இன்னொருவருக்கு. 1970-ல் ராபர்ட் ஆல்ட்மன் ஃபாக்ஸுக்காக 'மாஷ்' எடுத்தார். கம்பெனியின் கண் முழுக்க 'பேட்டன்', 'டோரா டோரா டோரா' என்ற இரண்டு பெரிய போர்ப் படங்களின் மேல் இருந்ததால், இந்தச் சின்னப் போர்ப் படத்தை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த சுதந்திரம். ஒரு காட்சிக்கு முட்டாள்தனமான பாட்டு ஒன்று வேண்டியிருந்தது. ஆல்ட்மன் எழுதிப்பார்த்தார். தனக்கு அந்த அளவு முட்டாள்தனம் கைவராது என்று கண்டு, 14 வயது மகனிடம் கொடுத்தார். பையன் எழுதிக்கொடுத்தான். படம் ஓடியது, பிறகு அது டெலிவிஷன் தொடராகி 1972 முதல் 1983 வரை ஓடியது. தொடரில் மெட்டை மட்டும் வாசித்தார்கள், வரிகளைப் பாடவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் பாட்டெழுதியவருக்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது. படத்தை இயக்கிய அப்பாவுக்குக் கிடைத்தது 70,000 டாலர். மகனுக்கு 10 லட்சத்துக்கு மேல். அப்பா அந்தத் தொடரைக் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.